உயிரணுவின் வயதும் மறதிநோயும்: பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

முதுமை மறதி குறித்து ஆலோசனை கேட்க வரும் குடும்பத்தினர், அண்மைக் காலமாக ஒரு புதிய கேள்வியையும் உடன் கொண்டு வருகின்றனர். "உடலின் உண்மையான வயதை இரத்தத்தில் கண்டுபிடித்துவிடலாமாமே? அப்பாவுக்கு வந்த மறதிநோய் எங்களுக்கும் வருமா என்று அதில் தெரிந்துவிடுமா?" என்று கேட்கின்றனர். கைப்பேசியில் பரவும் காணொளிகளும் விளம்பரங்களும் இந்த ஆவலைத் தூண்டியுள்ளன. கேள்வி நியாயமானது, அதன் பின்னே உள்ள அறிவியலும் மெய்யானதே. ஆனால் அறிவியல் கண்டறிந்த ஒன்று, ஒரு தனி மனிதருக்கு என்ன பொருள் தருகிறது என்பது வேறு. எலவனாசூர்கோட்டையிலிருந்தும், சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்தும், கல்வராயன் மலையிலிருந்தும் எங்களிடம் வரும் குடும்பங்களுக்காக அதை இங்கே எளிமையாக விளக்க விழைகிறோம்.

மறதிநோய் என்பது யாது?

வயது ஏற ஏறப் பெயர்கள் உடனே நினைவுக்கு வராமை, கண்ணாடியை வைத்த இடத்தை மறத்தல் போன்றவை இயல்பானவை. சற்று நேரம் கழித்தாவது அவை நினைவுக்கு வந்துவிடும். அன்றாட வாழ்க்கை தடைப்படாது. டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் அத்தகையதன்று. அது நினைவையும், சிந்தனையையும், மொழியையும், வழி அறியும் திறனையும் படிப்படியாகக் குறைத்து, ஒருவர் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ள இயலாத நிலைக்குக் கொண்டு செல்கிறது. இது ஒரே நோயன்று. பல நோய்களுக்கான பொதுப்பெயர். அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதடைவதால் வருவது அதற்கு அடுத்தது. முதியோர் பலரிடம் இவ்விரண்டும் கலந்தே இருக்கின்றன.

இந்தியாவில் 60 வயது கடந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளியானது. நம் நாட்டு முதியோரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதிநோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. எண்ணிக்கையில் இது சுமார் 88 இலட்சம் பேர். ஆண்களை விடப் பெண்களிடமும், நகரங்களை விடச் சிற்றூர்களிலும் நோய் மிகுந்திருந்தது. நகரங்களில் நூற்றுக்கு 5.3 பேர் என்றால் சிற்றூர்களில் 8.4 பேர். ஆகவே இது நகரத்துச் செல்வர்களின் நோய் என்ற எண்ணம் தவறு. நம் பகுதி போன்ற ஊர்களுக்கே இது கூடுதலாகப் பொருந்தும்.

உயிரணுவுக்கும் வயது உண்டு

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் குரோமோசோம் என்னும் நூலிழைகள் உள்ளன. நம் மரபுச் செய்தி முழுவதும் அவற்றில்தான் பொதிந்துள்ளது. சேலை முந்தானையின் நூல்கள் பிரிந்துவிடாமல் இருக்க நுனியில் குஞ்சம் முடிகிறோம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு குரோமோசோமின் நுனியிலும் ஒரு காப்பு உண்டு. அதன் பெயர் டெலோமியர். உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் இந்தக் காப்பு சிறிது குறைகிறது. மிகவும் குறுகிவிட்டால் அந்த உயிரணு மேலும் பிரிவதை நிறுத்திக்கொள்கிறது.

மனித உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகுவதில்லை என்பதை அமெரிக்க அறிவியலாளர் லியனார்ட் ஹேஃப்ளிக் 1961இல் காட்டினார். டெலோமியர் குரோமோசோமைக் காக்கும் விதத்தையும், அதை மீண்டும் நீட்டும் டெலோமரேஸ் என்னும் நொதியையும் கண்டறிந்த எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் ஆகிய மூவரும் 2009ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். அதே ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் நம் பக்கத்துச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அவருக்குப் பரிசு பெற்றுத் தந்தது ரைபோசோம் பற்றிய ஆய்வு. ஆயினும் பின்னாளில் அவரும் முதுமையின் பக்கம் திரும்பினார். மனிதர் ஏன் மூப்படைந்து இறக்கின்றனர் என்பது பற்றி 2024இல் ஒரு நூலே எழுதி, முதுமை ஆராய்ச்சியில் எது மெய், எது மிகை என்று பிரித்துக் காட்டியுள்ளார்.

டெலோமியர் ஒன்றே அடையாளம் அன்று. நம் மரபுப்பொருளான டி.என்.ஏ.வின் மீது மெத்தில் என்னும் நுண்ணிய வேதிக்குறிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயது ஏறும்போது சில இடங்களில் இவை கூடுகின்றன; சில இடங்களில் குறைகின்றன. இத்தகைய 353 இடங்களை அளந்து ஒருவரின் வயதைக் கணிக்கும் முறையை ஸ்டீவ் ஹோர்வாத் 2013இல் வெளியிட்டார். இதனை 'மூப்புக் கடிகாரம்' எனலாம். கணித்த வயது, பிறந்த தேதிப்படியான வயதை விடக் கூடுதலாக இருந்தால், உடல் விரைவாக மூப்படைகிறது என்று கொள்கின்றனர்.

மூன்றாவது அடையாளம், பிரிவதை நிறுத்திய பின்னும் அழியாமல் உடலில் தங்கிவிடும் மூப்படைந்த உயிரணுக்கள். இவை வெறுமனே கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து, பக்கத்திலுள்ள நல்ல உயிரணுக்களையும் கெடுக்கின்றன.

மறதிநோயோடு இவற்றுக்குள்ள தொடர்பு

மூளையின் நரம்பணுக்கள் பெரும்பாலும் பிரிவதில்லை. அப்படியிருக்க, பிரியும்போது குறுகும் டெலோமியருக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நரம்பணுக்களைச் சூழ்ந்து காக்கும் துணை அணுக்களும், மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களின் உட்சுவர் அணுக்களும், நோய் எதிர்ப்பு அணுக்களும் பிரிகின்றன, மூப்படைகின்றன. அவை தளரும்போது மூளையின் பாதுகாப்பும் தளர்கிறது. பரிசோதனையில் அளப்பது இரத்த வெள்ளணுக்களின் டெலோமியரை மட்டுமே. அது மூளையை நேராகப் பார்ப்பதன்று. பக்கத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நம் வீட்டு நிலையை ஊகிப்பது போன்றது.

பிரிட்டனில் ஏறத்தாழ 4 இலட்சத்து 40 ஆயிரம் பேரின் இரத்தத்தில் டெலோமியரின் நீளத்தை அளந்து, பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. டெலோமியர் மிகக் குறுகியிருந்தவர்களுக்கு, மிக நீண்டிருந்தவர்களை விட, மறதிநோய் வரும் வாய்ப்பு 14 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அல்சைமர் நோய்க்கு அது 28 விழுக்காடு. மூப்புக் கடிகாரங்களைக் கொண்டு செய்த ஆய்வுகளிலும் சில, விரைவாக மூப்படைவோருக்கு ஆபத்து கூடுதல் என்று காட்டின. வேறு சில அத்தகைய தொடர்பைக் காணவில்லை.

'14 விழுக்காடு' என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு நோய் வரும் என்பது அதன் பொருளன்று. அந்த ஆய்வுக்குட்பட்டோர் பெரும்பாலும் நடுவயதினர். கவனித்த காலத்தில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 15 பேருக்கே மறதிநோய் வந்தது. ஒரு கணக்குக்காக, நீண்ட டெலோமியர் உள்ளவர்களில் ஆயிரத்துக்கு 14 பேர் என்று கொண்டால், குறுகிய டெலோமியர் உள்ளவர்களில் அது 16 பேர் ஆகும். குறுகிய டெலோமியர் இருந்தும் நோய் வராதவர் எஞ்சிய 984 பேர்.

ஒரு தனி மனிதருக்கு இது எதைச் சொல்லும்?

மக்கள் கூட்டத்தில் ஒரு போக்கைக் காண்பதற்கு இந்த அளவுகள் பயன்படும். உங்கள் தந்தைக்கோ உங்களுக்கோ நாளை என்ன நேரும் என்று சொல்ல அவை பயன்படமாட்டா. அதற்கான காரணங்கள் இவை.

முதலாவது, ஒரே வயதுடைய நலமான இருவருக்கிடையே டெலோமியர் நீளம் பிறவியிலேயே பெரிதும் வேறுபடும். ஒருவருக்குக் குறுகியிருப்பதாலேயே அவர் நோயாளி ஆகிவிடமாட்டார்.

இரண்டாவது, ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளக்கும் முறை மாறுகிறது, முடிவும் மாறுகிறது.

மூன்றாவது, நீளம் கூடுவதெல்லாம் நன்மை என்றும் சொல்வதற்கில்லை. மரபு வழியில் நீண்ட டெலோமியர் உள்ளவர்களுக்குச் சில வகைப் புற்றுநோய்களின் வாய்ப்பு கூடுதலாக இருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

நான்காவது, தொடர்பு வேறு, காரணம் வேறு. புகைபிடித்தல், உடல் பருமன், நீண்டகால மன அழுத்தம் ஆகியவை டெலோமியர் குறுகுவதோடும் மறதிநோயோடும் ஒருங்கே தொடர்புடையவை. ஆகவே குறுகிய டெலோமியர் நோயை உண்டாக்குகிறதா, அல்லது நோயை உண்டாக்கும் வேறொன்றின் சுவடு மட்டும்தானா என்பது இன்னும் ஆராயப்படும் கேள்வி.

எனவே மறதிநோயை முன்கூட்டி அறிவதற்காக டெலோமியர் பரிசோதனையோ 'உடல் வயது' பரிசோதனையோ செய்துகொள்ளுமாறு நாங்கள் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. டெலோமியரை நீட்டி மறதியைத் தடுப்பதாகக் கூறி விற்கும் மாத்திரைகளுக்கும் பொடிகளுக்கும் பணம் செலவிட வேண்டா. மறதிநோயைத் தடுக்கும் என்று மெய்ப்பிக்கப்பட்ட அத்தகைய மருந்து எதுவும் இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதங்களின் சுவட்டை இரத்தத்தில் காணும் வேறு வகைப் பரிசோதனை உண்டு. அமெரிக்க அரசு அத்தகைய முதல் பரிசோதனைக்கு 2025 மே மாதத்தில் இசைவளித்தது. அதுவும் 55 வயது கடந்து, மறதியின் அறிகுறிகள் தோன்றிவிட்டவர்களுக்கு, சிறப்பு மருத்துவரின் மேற்பார்வையில் செய்வதற்கே. அறிகுறி இல்லாதவர்கள் எதிர்காலம் அறியச் செய்துகொள்வதற்கன்று.

இரத்த அழுத்தமும் அதே அளவு பேசுகிறது

டெலோமியரின் 14 விழுக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்னோர் ஆய்வைப் பாருங்கள். சீனாவின் 326 சிற்றூர்களில், இரத்த அழுத்தம் கட்டுப்படாமல் இருந்த 40 வயது கடந்த ஏறத்தாழ 34 ஆயிரம் பேரிடம் இது நடத்தப்பட்டது. ஊர்களில் ஒரு பாதிக்கு வழக்கமான மருத்துவம். மறுபாதியில், பெரிய பட்டம் பெறாத கிராம மருத்துவப் பணியாளர்கள், மருத்துவர்களின் மேற்பார்வையில், எளிய படிநிலை முறைப்படி மருந்தைக் கூட்டிக் குறைத்தனர். வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவியும், இலவசமாகவோ குறைந்த விலையிலோ மருந்தும், உணவு பற்றிய அறிவுரையும் தந்தனர். நான்கு ஆண்டுகளின் முடிவில், நன்கு கவனிக்கப்பட்ட ஊர்களில் மறதிநோய் 15 விழுக்காடு குறைவாக இருந்தது. 2025இல் வெளியான முடிவு இது.

இரண்டு எண்களும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அவற்றின் தன்மை வேறு. டெலோமியர் குறுகியிருப்பதை அறிந்தாலும் நாம் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. இரத்த அழுத்தம் கூடியிருப்பதை அறிந்தால் அன்றைக்கே மருத்துவம் தொடங்கலாம். அதைக் குறைத்தால் நோய் குறையும் என்பது, ஊர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்விலேயே தெரிந்துவிட்டது. அதைச் செய்து காட்டியவர்களும் நம் ஊர்களைப் போன்ற ஊர்களில் பணியாற்றும் எளிய பணியாளர்களே.

உலக வல்லுநர்கள் அடங்கிய லான்செட் குழு, 2024இல் மறதிநோய்க்கான 14 காரணிகளைப் பட்டியலிட்டது. இவையனைத்தையும் வாழ்நாள் முழுவதும் சரிசெய்ய முடிந்தால், உலகில் மறதிநோயின் 45 விழுக்காட்டளவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று அது மதிப்பிட்டது. அவை: இளமையில் கல்வியின்மை, கேட்புக் குறை, பார்வைக் குறை, கெட்ட கொழுப்பு மிகுதல், உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடல் பருமன், புகைபிடித்தல், மிகுதியான மது, உடல் உழைப்பின்மை, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு. இந்தப் பட்டியலில் டெலோமியர் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊரில் செய்யக்கூடியவை

நாற்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு இவற்றுக்கான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. வெள்ளிமலை, கரியாலூர் போன்ற மலை ஊர்களில் வாழ்வோர் மாத்திரைக்காக மட்டும் கீழே இறங்கி வர வேண்டிய தேவையை இது குறைக்கிறது. அழுத்தம் சரியாகிவிட்டது என்று மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவதுதான் நாங்கள் மிகுதியாகக் காணும் இடர். மாத்திரையால்தான் அது சரியாக இருக்கிறது. எழுந்து நின்றால் தலைசுற்றும் முதியவர்களுக்கு அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அதை மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

காது மந்தமாவதை வயதின் இயல்பு என்று விட்டுவிட வேண்டா. காது கேளாதவர் மெல்லப் பேச்சைக் குறைக்கிறார். திண்ணைப் பேச்சிலிருந்து விலகுகிறார். மூளைக்கு வேலை குறைகிறது. அமெரிக்காவில் 2023இல் வெளியான ஓர் ஆய்வில், மறதிநோய் ஆபத்து ஏற்கெனவே மிகுந்திருந்த முதியோருக்குச் செவித்துணைக் கருவி பொருத்தியபோது, மூன்று ஆண்டுகளில் அறிவுத்திறன் தளர்வது ஏறத்தாழப் பாதியளவு மெதுவானது. ஆபத்து குறைந்திருந்தவர்களிடம் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. கண்புரையையும் உரிய காலத்தில் அறுவை செய்துகொள்ள வேண்டும்.

உணவில் உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றில் உப்பு மறைந்திருக்கிறது. பீடி, சிகரெட் ஆகியவற்றையும், வெற்றிலையோடு சேர்க்கும் புகையிலையையும் விட்டுவிட வேண்டும். விறகடுப்பின் புகை சூழாதவாறு சமையலறைக்குச் சாளரமும் புகைபோக்கியும் அமைய வேண்டும். இருசக்கர வண்டியில் செல்லும் முதியவரும், பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். வயல் வேலையை விட்ட பிறகும் நாள்தோறும் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும்.

வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்

மறதியைப் பற்றிப் பேசும்போது எங்களுக்கு மிகவும் கவலை தருவது, சரிசெய்யக்கூடிய மறதியும் 'வயதாகிவிட்டது' என்ற ஒரு சொல்லால் மூடப்பட்டுவிடுவது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரைகள், தலையில் அடிபட்டு மூளைக்கு மேல் மெல்லச் சேரும் இரத்தக்கட்டு ஆகியவையும் மறதிநோய் போலவே தோன்றும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் உட்கொள்வோரிடமும், புலால் உண்ணாதவரிடமும் பி12 குறைவு ஏற்படக்கூடும். எளிய இரத்தப் பரிசோதனைகளும், தேவைப்பட்டால் ஒரு ஸ்கேனும் இவற்றைக் காட்டிவிடும். உரிய நேரத்தில் கண்டறிந்தால் பலரின் நினைவுத்திறன் மேம்படும். டெலோமியர் பரிசோதனைக்கு எடுத்துவைத்த பணம் இவற்றுக்குச் செலவானால் அது வீணாகாது.

பள்ளி சென்றிராத முதியவரிடம் தேதியும் கணக்கும் கேட்டு மறதியை அளப்பது பொருந்தாது. அவர் இதுவரை செய்துவந்த வேலைகளை இப்போதும் செய்கிறாரா என்று பாருங்கள். பழகிய வழியில் தடுமாறுகிறாரா? பால் கணக்கில், கூலிக் கணக்கில் குழப்பம் வருகிறதா? ஆண்டாண்டாய்ச் செய்த குழம்பின் பக்குவம் மறந்துபோகிறதா? சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? ஆறு மாதங்களாக இத்தகைய மாற்றம் தெரிந்தால் அழைத்து வாருங்கள். வரும்போது அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், அவருடன் வாழும் ஒருவரையும் உடன் அழைத்து வர வேண்டும். ஓரிரு நாளிலேயே திடீரெனக் குழப்பம் தோன்றினாலோ, முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ காத்திராமல் 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

பராமரிப்பவரின் உயிரணுவும் கருதத்தக்கது

டெலோமியர் ஆராய்ச்சி நமக்குத் தரும் ஒரு செய்தி, நோயாளியை விடப் பராமரிப்பவருக்கே உரியது. நெடுங்கால நோயுற்ற குழந்தைகளைக் கவனித்துவந்த தாய்மார் உட்பட 58 பெண்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. நோபல் பரிசு பெற்ற பிளாக்பர்னும் அதில் பங்கேற்றார். தம் மன அழுத்தம் மிகக் கடுமையானது என்று கூறிய பெண்களின் டெலோமியர், அழுத்தம் குறைந்தவர்களை விட, பத்தாண்டு மூப்புக்கு ஈடான அளவு குறுகியிருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் பராமரிப்பின் சுமை மனத்தோடு நின்றுவிடுவதில்லை, உடலுக்குள்ளும் இறங்குகிறது என்பதை அது உணர்த்துகிறது.

நம் வீடுகளில் இச்சுமை பெரும்பாலும் ஒரு மருமகளின் மீதோ, ஒரு மகளின் மீதோ, வயதான மனைவியின் மீதோதான் விழுகிறது. அவருக்கும் இரவு உறக்கம் வேண்டும். வாரத்தில் ஓர் அரை நாள் ஓய்வு வேண்டும். அவருடைய இரத்த அழுத்தத்தையும் யாரேனும் பார்க்க வேண்டும். உடன்பிறந்தோர் முறை வைத்துப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது உபகாரமன்று, கடமை. மனம் தளரும்போது 14416 என்ற 'டெலிமானஸ்' மனநல உதவி எண்ணையும், முதியோர் தொடர்பான உதவிகளுக்கு 14567 என்ற எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

உயிரணுவின் மூப்பு மறதிநோயோடு தொடர்புடையதே. ஆனால் அதன் அளவு எவருடைய தலையெழுத்தும் அன்று. தாய்க்கோ தந்தைக்கோ நோய் வந்ததால் பிள்ளைகளுக்கும் வந்தே தீரும் என்பதும் இல்லை. பெற்றோர் வழி வந்த டெலோமியரை நாம் மாற்ற இயலாது. இரத்த அழுத்தம், சர்க்கரை, காது, கண், புகை, தனிமை ஆகியவற்றை மாற்ற இயலும். அடுத்த முறை முதியவரை மருத்துவமனைக்கு அழைத்து வரும்போது, அவருடைய அழுத்தத்தைப் பார்த்த பின் உங்கள் கையையும் நீட்டுங்கள். இரண்டு நிமிடமே ஆகும்.